திரேயின் இருபத்தேழாவது அர்த்தம்

மார்ச் 4, செவ்வாய்

இன்று சொல்லாதது: இருபத்தேழாவது அர்த்தத்துக்கு என்னிடம் ஒரு சாட்சிகூட இல்லை.

காலைக் கூட்டத்தில் அரம் என் பக்கம் திரும்பி, "திரே எந்த நிலைமையில இருக்கு?" என்று கேட்டார். "போயிட்டிருக்கு மேடம்" என்றேன். எங்கே போகிறது, யாரோடு போகிறது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அரம் எங்கள் தலைமைப் பதிப்பாசிரியர். யார் எந்த வாக்கியத்தை நீட்டினாலும் ராவி ராவிப் பாதியாக்கிவிடுவார். பட்டப்பெயர் அவருக்கே தெரியும் என்று நினைக்கிறேன். எங்கள் பிரெஞ்சு–ஆங்கில அகராதியில் போன மாதம்வரை எனக்கு வினையடைகள்தான். மெதுவாக, சட்டென்று, ஒருவேளை — இப்படியே பொழுது போனது. இப்போது சோதனைக்கு ஒரு வினைச்சொல் கொடுத்திருக்கிறார்கள். என் சொந்த வினைச்சொல்! திரே, பிரெஞ்சில் அடிப்படையாக 'இழுத்தல்'. மாதக் கடைசியில் அதை அரம் ஏற்றுக்கொண்டால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் பழையபடி 'ஒருவேளை'தான்.

பழைய பதிப்பில் திரேக்கு முப்பத்து நான்கு அர்த்தங்கள். ஒவ்வொன்றுக்கும் உயிருள்ள பேச்சிலிருந்தோ எழுத்திலிருந்தோ மூன்று சாட்சிச் சீட்டுகள் வேண்டும். மூன்று தேறாவிட்டால் அர்த்தம் அவுட். எங்கள் வேலையே அதுதான்.

ஆனால் இருபத்தேழு! "விடைபெறும்போது வாசலிலேயே நின்று பேச்சை நீட்டுதல், கிளம்ப மனமில்லாமல்." அதற்கு ஓர் எடுத்துக்காட்டு: மாமா வாசலில் அரைமணி நேரம் நீட்டினார். இதற்குப் போய் ஒரு மொழி ஒரு சொல்லை வைத்திருக்கிறதே. ஆங்கிலக்காரர்கள் பாவம், அதைச் சொல்ல ஒரு வரியே செலவழிக்க வேண்டியிருக்கிறது.

சாட்சி கிடைக்கும். கிடைக்காமல் எங்கே போய்விடும்?

மார்ச் 5, புதன்

எழுந்ததிலிருந்து திரேதான். திரைச்சீலையை விலக்கினேன், திரே. அலமாரி இழுப்பறையை இழுத்தேன், திரே. கழிவறையில் தண்ணீர் விட்டேன், அதுவும் திரே. தெருவில் ஒரு குழந்தை என்னைப் பார்த்து நாக்கை நீட்டியது. இரண்டு பேருமாகத் திரே செய்தோம், ஏனென்றால் நானும் நீட்டினேன். துப்பாக்கி சுட, சீட்டுக் குலுக்கிப் போட, கோடு கிழிக்க, புகைப்படம் அச்சிட, முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ள, ஆபத்திலிருந்து தப்பிக்க, இடத்தைக் காலி பண்ண — எல்லாவற்றுக்கும் இந்த ஒன்றுதான். பச்சைக்குப் பக்கத்தில் போகும் நீலத்துக்குக்கூட. ஆங்கிலம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வேலையாள் வைத்திருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் ஒரே ஆளை விரட்டி விரட்டி வேலை வாங்குகிறார்கள். புகார் சொல்லாமல் அவனும் ஓடிக்கொண்டிருக்கிறான்.

எனக்கு என்ன ஆயிற்று? ஒரு வினைச்சொல்லைப் பார்த்து யாராவது இப்படிச் சிரிப்பார்களா?

மார்ச் 7, வெள்ளி

அக்கா கண்டுபிடித்துவிட்டாள்.

"ஏன்டி பல்லை இளிச்சிட்டே வர்ற? யாரு அவன்?"

"வினைச்சொல்."

"ஓ. குடும்பம் எப்படி?"

"பெரிய குடும்பம். முப்பத்து நாலு பேர்."

அக்கா பல் மருத்துவரிடம் உதவியாளர். நாள் முழுக்க யாரோ ஒருவர் தலையைப் பிடித்துக்கொண்டு நிற்பவள். "அப்ப பல்லைப் பிடுங்கறதும் உன் ஆள்தானே?" என்று ஆர்வமாகக் கேட்டாள். இல்லை, அதற்கு வேறு வினைச்சொல் என்றேன். அவளுக்கு வந்ததே கோபம். "ஊர்ல இருக்கற எல்லாத்தையும் இழுப்பானாம், பல்லை மட்டும் தொட மாட்டானாம். பெரிய மனுஷன்!"

சாப்பிடும்போதும் முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். எனக்குப் புரையேறிவிட்டது.

மார்ச் 9, ஞாயிறு

அம்மா வந்திருந்தாள். மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தாள், பேச்சு முழுக்க மழை, முழங்கால், எங்கள் வீட்டுக் குழாய். பிறகு "சரி, கிளம்பறேன்" என்று எழுந்தாள். ஒரு காலில் செருப்பை மாட்டினாள். அப்புறம்தான் ஆரம்பம். பெரியம்மா மகள் கணவனை விட்டு வந்துவிட்டாளாம். எதிர்வீட்டை விற்கப்போகிறார்களாம். அப்பாவுக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறதாம். இவ்வளவும் ஒற்றைச் செருப்போடு.

"உள்ள உக்காந்திருக்கும்போது சொல்லக்கூடாதாம்மா?" என்றாள் அக்கா.

"ஞாபகம் வரலைடி. வாசல்ல நின்னாத்தான் வருது."

நான் கதவைப் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்தேழு, ரத்தமும் சதையுமாக. ஒரு சீட்டில் இப்போதே எழுதிவிடலாம் போலிருந்தது. என்ன செய்ய, அம்மாவுக்குப் பிரெஞ்சு தெரியாது.

"சின்னவ ஏன் என்னை இப்படிப் பாக்கறா? எதாவது மறைக்கறாளா?"

"அவளுக்கு ஆள் கிடைச்சாச்சு. முப்பத்து நாலு பேர்" என்றாள் அக்கா.

இன்னும் இருபது நிமிடம் ஆனது.

மார்ச் 11, செவ்வாய்

கீழ்வீட்டுப் பியானோ டீச்சருக்குத் தாய்மொழி பிரெஞ்சு. நம் மொழியும் நம்மைப்போலவே பேசுவார். எனக்குத் தெரிந்து இந்தக் கட்டடத்தில் திரேயோடு பிறந்து வளர்ந்தவர் அவர் ஒருவர்தான். மாடிப்படியில் மடக்கிக் கேட்டேன்: வாசலில் நின்று பேசிக்கொண்டே இருப்பதற்குத் திரே என்று சொல்வீர்களா?

யோசித்தார். வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். "கேட்டதே இல்லையேம்மா."

என் முகம் விழுந்திருக்க வேண்டும்.

"ஆனா ரொம்ப அழகா இருக்கு. நாளையிலேர்ந்து நான் சொல்றேன், போதுமா?"

மார்ச் 12, புதன்

சொல்லிவிட்டார்! மாலையில் நான் படியேறும்போது ஒரு மாணவியின் அப்பாவை வழியனுப்பிக் கதவைச் சாத்தியவர், என்னைப் பார்த்துக் கண்ணடித்து, சுத்தமான பிரெஞ்சில், மாடி முழுக்கக் கேட்கும்படி: "இந்த மனுஷன் என்னமா நீட்டறார்!"

ஓடிவந்து சீட்டு எழுதிவிட்டேன். இடம்: மாடிப்படி. பேசியவர்: பெண், அறுபது வயது, தாய்மொழி பிரெஞ்சு. ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. உண்மைதானே?

மார்ச் 14, வெள்ளி

சீட்டைக் கிழித்துப் போட்டேன். வாளியில் நானே ஊற்றிவிட்டு மழை பெய்தது என்று எழுத முடியாது.

மார்ச் 17, திங்கள்

கிடைத்தது கிடைத்தது கிடைத்தது!

மதியம் புத்தகக் கடையில் சும்மா மேய்ந்துகொண்டிருந்தேன். மேசைமேல் எங்கள் போட்டிக்காரர்களின் புதிய பதிப்பு. நீல அட்டை, மழமழவென்று, போன வாரம்தான் வந்ததாம். எதிரி வீட்டை எட்டிப் பார்க்கிற மாதிரி திரேயைப் பிரித்தேன். என் கண்ணையே நம்ப முடியவில்லை. "விடைபெறும்போது வாசலிலேயே நின்று…" எடுத்துக்காட்டும் இருந்தது: அத்தை வாசலில் இருபது நிமிடம் நீட்டினாள்.

அவர்களுக்கு எங்கோ சாட்சி கிடைத்திருக்கிறது. என் இருபத்தேழு உயிரோடு இருக்கிறது! கையிலிருந்ததையெல்லாம் கொடுத்துப் புத்தகத்தை வாங்கிவிட்டேன். பேருந்தில் அதை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். அவர் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டார்.

நாளைக் கூட்டத்தில் சொல்லப்போகிறேன். நானாக வாயைத் திறந்து.

மார்ச் 18, செவ்வாய்

செத்தேன்.

கூட்டத்தில் எழுந்து நின்றேன். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து நான் எழுந்து நின்றது இதுதான் முதல் தடவை. "மேடம், திரே இருபத்தேழுக்குச் சாட்சி கிடைச்சிடுச்சு" என்று நீலப் புத்தகத்தை மேசைமேல் வைத்தேன். கொஞ்சம் ஓங்கியே வைத்துவிட்டேன் போல.

என் பக்கத்து மேசைக்காரர் — எஸ் எழுத்தைப் பார்ப்பவர், ஓயாமல் பேசுவதால் வானொலி என்று பெயர் — அவரே வாயடைத்துப் போனார். அப்போதுதான் உறைத்தது. அகராதிக்கு இன்னொரு அகராதி சாட்சியாகாது! முதல் நாளே சொல்லிக்கொடுப்பது. வினையடைக்காரிக்குக்கூடத் தெரிந்தது. எப்படி மறந்தேன்? மறக்கவில்லை. மறக்க வேண்டும்போல இருந்தது, அவ்வளவுதான்.

அரம் புத்தகத்தை இழுத்துப் படித்தார். மறுபடி படித்தார். அதை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார்.

வானொலி சார் என் பக்கம் சாய்ந்து, "ஏம்மா, பத்து வருஷமா இந்த அறையில இருக்கேன். இவ்வளவு தைரியமா யாரும் தற்கொலை பண்ணிக்கிட்டதில்ல" என்றார்.

கதவுக்குப் பின்னால் ஏதோ சத்தம். இருமலா? வானொலி சார் காதைத் தீட்டினார். "சிரிக்கறாங்களா என்ன?"

"அவங்களா?"

"அதானே. இருமலாத்தான் இருக்கும்."

மார்ச் 19, புதன்

காலையில் கூப்பிட்டார். போனேன். உட்காரச் சொன்னார். இதை முழுக்க எழுத வேண்டும், ஒன்றும் விட்டுப்போகக் கூடாது.

"இருபத்தேழு உங்களுக்கு ரொம்பப் பிடிக்குமோ?"

"ஆமா மேடம்."

"நன்றி. நான் பெத்தது அது."

எனக்குப் புரியவில்லை. புரியும்படி சொன்னார். ஒவ்வொரு பதிப்பிலும் எங்காவது ஒரு பொய் அர்த்தத்தை ஒளித்துவைப்பார்களாம். பொறி. உண்மையான அர்த்தங்களை யார் வேண்டுமானாலும் தானாகத் தேடிக் கண்டுபிடிக்கலாம். உலகத்தில் இல்லாத ஒன்றைத் தானாகக் கண்டுபிடிக்க முடியாது, எங்களிடமிருந்து திருடினால்தான் உண்டு. அடுத்த பதிப்பில் அதை எடுத்துவிட்டு வேறொன்று வைப்பார்களாம். இந்த விஷயம் அவருக்கும் நிறுவனத்தின் முதலாளிக்கும் மட்டும்தான் தெரியும்.

"எட்டு வருஷமா எந்த எலியும் வரலை. வடையே ஊசிப்போச்சுன்னு நினைச்சேன்." நீல அட்டையைத் தட்டினார். "மாமாவை அத்தையாக்கிட்டா தெரியாதாம்."

அப்படியானால் — அந்த வாசல், அந்தப் பிரிய மனமில்லாத மாமா? யாரை நினைத்து எழுதினீர்கள் என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. என் மனதில் அதற்குள் ஒரு முழு காதல் கதையே ஓடிக்கொண்டிருந்தது.

"என் கணவரோட அண்ணனை. கிளம்பவே மாட்டார் அந்த மனுஷர். ஒரு நாள் அவரை அனுப்பிக் கதவைச் சாத்தின கையோட, கோபத்துல உக்காந்து எழுதினேன்."

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். நேற்று இருமல் இல்லை. வானொலி சாரிடம் சொல்ல வேண்டும். இல்லை, சொல்லக் கூடாது.

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டார். அதுவும் சட்டென்று.

"திருடனைப் பிடிச்சுக் கொடுத்தீங்க. அது வேற கணக்கு. உங்க சோதனை வேற. புதுசா வினைச்சொல் எடுக்கறவங்களுக்குப் பொறி இருக்கற சொல்லாப் பாத்துத்தான் கொடுப்பேன். 'இதுக்குச் சாட்சி இல்லை மேடம், வெட்டிடலாமா'ன்னு ரெண்டாம் நாளே வந்து நிப்பீங்கன்னு இருந்தேன். ஏன் வரலை?"

"சொன்னா வெட்டிடுவீங்கன்னு."

"வெட்டறதுதான் நம்ம வேலை."

நீலப் புத்தகத்தை ஓரமாகத் தள்ளிவைத்தார்.

"மாசக் கடைசிவரைக்கும் நாள் இருக்கு. மிச்சத்தைத் திரும்பப் பாருங்க. ஆசைக்காக இன்னும் எதையெல்லாம் வெச்சிருக்கீங்கன்னு எனக்குத் தெரியணும். நீங்களா வந்து சொல்லணும்."

மார்ச் 20, வியாழன்

அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன், பொறி விஷயத்தைத் தவிர. அது அலுவலக ரகசியம். எனவே கதை இப்படி ஆகிவிட்டது: பிடித்த ஒரு அர்த்தம் பொய்யாம், வேலை தொங்கலில் இருக்கிறதாம், ஆனாலும் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறதாம்.

"பைத்தியம் பிடிச்சிருக்கு உனக்கு" என்றாள். "வாயைத் திற, பல்லைப் பாப்போம்." அவளுக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான்.

உண்மையில் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. அரம் ஒரு பொய் சொல்லியிருக்கிறார், அதுவும் அவ்வளவு நன்றாக! இருந்தாலும் கேட்டுக்கொள்ள வேண்டும்: வினையடைகளுக்குத் திரும்பிப் போனால் தாங்குவேனா? மாட்டேன். 'ஒருவேளை'யோடு இன்னொரு வருடம் குடித்தனம் நடத்த என்னால் முடியாது.

மார்ச் 21, வெள்ளி

வெட்டினேன். என் கையாலேயே. இருபத்தெட்டு ஒரு படி மேலே ஏறி அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது, ஒன்றுமே நடக்காத மாதிரி.

மார்ச் 25, செவ்வாய்

முதலிலிருந்து ஒவ்வொன்றாக, சீட்டுகளை விரித்துவைத்துப் பார்த்தேன். பதினாறில் மாட்டிக்கொண்டேன். பசுவைக் கறத்தல். மலைப்பக்கத்துப் பிரெஞ்சு. மூன்று சீட்டு இருக்கிறது என்று எழுதியிருந்தேன், ஆனால் அதில் இரண்டு ஒரே நாவலின் ஒரே வரி, இரண்டு பதிப்புகளிலிருந்து எடுத்தது. அப்போது எனக்கு அது தெரியாதா? தெரியும். பசு பிடித்திருந்தது.

கூட்டம் முடியும்வரை காத்திருக்கவில்லை. நடுவிலேயே சொன்னேன்: "பதினாறுக்கு ரெண்டு சாட்சிதான் மேடம். மூணுன்னு எழுதினது தப்பு. வெட்டிடறேன்." வானொலி சார் கண்ணை மூடிக்கொண்டார்.

"ரெண்டு இருக்கா? அப்ப எதுக்கு வெட்டறீங்க?" அரம் பேனாவைக்கூடக் கீழே வைக்கவில்லை. "மூணாவதைத் தேடுங்க. ஒண்ணுமே இல்லாததை வெட்டணும். ரெண்டு இருந்தா நடையா நடக்கணும்."

மார்ச் 28, வெள்ளி

மூன்று நாளாக நூலகம், பழைய செய்தித்தாள், விவசாயப் பத்திரிகைகள். உலகத்தில் யாரும் பசுவைக் கறப்பதே இல்லை போலிருக்கிறது. கறந்தாலும் அதைப் பற்றி எழுதுவதில்லை.

மார்ச் 30, ஞாயிறு

பியானோ டீச்சர் ஒரு பார்சலைத் தவறுதலாக வாங்கி வைத்திருந்தார், எங்களுடையது. வாங்கப் போனேன். கதவு திறந்திருந்தது, அவர் தன் தங்கையோடு தொலைபேசியில். "வந்துடறேன்" என்று கைகாட்டினார். நின்றேன். தங்கை போனை வைக்க விடவில்லை. பேச்சு உறவினர்களைத் தாண்டி, ஓடிப்போன நாயைத் தாண்டி, சிறுவயதில் சித்தி வீட்டு மலைக்குப் போய்விட்டது. அப்போது டீச்சர் சொன்னார், பிரெஞ்சில், என்னைப் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு: "விடியறதுக்கு முன்னாடி எழுந்து, நீயும் நானும் ரெண்டு பசுவைக் கறப்போமே!"

கறப்போமே. திரே!

நான் இதைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்டதில்லை. பசு என்று மூச்சு விட்டதில்லை. போனை வைத்ததும் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். "பார்சல்ல அப்படி என்னம்மா இருக்கு?" என்றார் பயந்துபோய். அக்காவின் கால் வலிக்குத் தைலம் என்றேன்.

மார்ச் 31, திங்கள்

திரேயைக் கொடுத்துவிட்டேன். முப்பத்து மூன்று அர்த்தங்கள். அரம் வாங்கி மேசைமேல் வைத்துக்கொண்டார். "பாக்கறேன்" என்றார். அவ்வளவுதான்.

ஏப்ரல் 11, வெள்ளி

வக்கீல்கள் வருகிறார்கள், போகிறார்கள். நீல அட்டை எல்லாரும் பார்க்கும்படி அரத்தின் மேசையிலேயே கிடக்கிறது. பொறி விஷயம் இப்போது அலுவலகம் முழுக்கத் தெரியும். வானொலிக்குத் தெரிந்தால் வேறெப்படி? என் வேலையைப் பற்றி மட்டும் யாரும் வாயைத் திறக்கவில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

திரே திரும்பி வந்துவிட்டது. பக்கம் பக்கமாகச் சிவப்பு மை. எடுத்துக்காட்டுகள் எல்லாம் பாதியாகிவிட்டன. பதினாறில் மட்டும் ஒரு கீறல்கூட இல்லை. ஓரத்தில் சின்னதாக எழுதியிருந்தது: "யாருடைய பசு?"

கடைசிப் பக்கத்தில் கையெழுத்து. ஏற்கப்பட்டது என்று அர்த்தம்.

கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு குதித்தேன். கீழ்த்தளத்துக்காரர்கள் மேலே வந்து, குழாய் வெடித்துவிட்டதா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

எங்கள் புதிய பதிப்பு கடைக்கு வந்தது. போட்டிக்காரர்கள் நீல அட்டையைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். நான் மே மாதத்திலிருந்து நிரந்தரம். திங்கள்கிழமை அடுத்த வினைச்சொல்லைத் தொடங்குகிறேன்.

இந்தப் பதிப்புக்கான பொறியை எழுதும் வேலையை அரம் எனக்குக் கொடுத்திருந்தார். எழுதிவைத்தேன். எங்கே என்பது எங்கள் இருவருக்கும் முதலாளிக்கும் மட்டும் தெரியும். காலையிலிருந்து வானொலி சார் பூதக்கண்ணாடியோடு அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தார். மாலையில் ஒரு பக்கத்தில் விரலை அழுத்திக்கொண்டு என் மேசைக்கு ஓடிவந்தார்.

"மாட்டிக்கிட்டியா! 'மீனைத் தண்ணியில மூழ்கடிச்சுக் கொல்றது — பேசிப் பேசியே விஷயத்தைக் குழப்பறது.' மீனை எவனாவது தண்ணியில மூழ்கடிப்பானா? இதானேம்மா?"

அது உண்மையான பிரெஞ்சு. பதினொரு சாட்சிகள் இருக்கின்றன. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் வெற்றியோடு எல்லாருக்கும் தேநீர் வாங்கிக்கொடுத்தார்.